பொம்மையில் ஒரு வெள்ளோட்டம்: பிரசவம் பார்க்கும் கை எங்கே பழகுகிறது?

(திருவண்ணாமலையில் கர்ப்பிணிகளுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நடந்த கூட்டம் ஒன்றில் செவிலியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை. வாசிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் தரப்படுகிறது.)



திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தேரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மாட வீதியில் பஞ்ச ரதங்கள் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நீங்கள். ஒரு தேரைப் பழுது பார்த்த பிறகு நேராகச் சுவாமியை ஏற்றிவிடுவார்களா? மாட்டார்கள். முதலில் வெள்ளோட்டம் விடுவார்கள். சுவாமி இல்லாமல் வெறுந்தேரை வீதியில் இழுத்துப் பார்ப்பார்கள். அச்சில் சத்தம் வருகிறதா, திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது, முட்டுக்கட்டை போடுகிறவர் சரியான நொடியில் போடுகிறாரா என்றெல்லாம் அன்றைக்குத் தெரிந்துவிடும். தவறு இருந்தால் அன்றைக்கே தெரியட்டும், திருவிழா அன்று தெரிய வேண்டாம். அவ்வளவுதான் விஷயம்.

இன்றைக்கு நான் பேசப்போவதும் ஒரு வெள்ளோட்டத்தைப் பற்றித்தான். பிரசவம் பார்க்கும் நர்ஸ்கள், அந்தப் பிரசவத்தில் வரக்கூடிய ஆபத்துகளைப் பொம்மையின் மேல் பழகிப் பார்க்கும் வெள்ளோட்டம். இதை சிமுலேஷன் என்பார்கள். பயிற்சி நடக்கும் அறைக்கு ஸ்கில் லேப் என்று பெயர். பாவனைப் பயிற்சி என்று தமிழில் சொல்லலாம். நிஜம் போலவே ஒரு சூழ்நிலையை உண்டாக்கி, யாருக்கும் ஆபத்தில்லாமல் அதில் கையைப் பழக்குவது.

“நர்ஸுங்க படிச்சுட்டுதானே வராங்க, அவங்க பயிற்சியைப் பத்தி எங்களுக்கு எதுக்குச் சொல்றீங்க?” என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு உதவி தேவைப்படும் முதல் சில நிமிடங்களில் பக்கத்தில் இருக்கப்போவது பெரும்பாலும் ஒரு நர்ஸ். அந்தச் சில நிமிடங்களில் அவர் கை என்ன செய்கிறது என்பதில் இரண்டு உயிர் இருக்கிறது. அதனால்தான் உங்களிடமே பேச வந்திருக்கிறேன்.

அரிதாக வருவதுதான் ஆபத்து

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மாதத்துக்குப் பத்துப் பிரசவம் நடக்கும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 120 குழந்தைகள். பிறக்கிற நூறு குழந்தைகளில் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்க ஏதாவது ஒரு உதவி வேண்டியிருக்கும். துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிடும். நூற்றில் மூன்று முதல் ஆறு குழந்தைகளுக்கு மட்டும் முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் அழுத்தும் பை மூலம் மூச்சுக் கொடுக்க வேண்டி வரும்.

அப்படியானால் நம் நிலையத்தில் வருஷத்துக்கு நாலிலிருந்து ஏழு குழந்தைகள். அங்கே ஷிஃப்ட் முறையில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் வேலை பார்க்கிறார்கள். ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும். அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வரலாம். மாஸ்க் சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும், நெஞ்சு எழும்பாது. தலையை அதிகமாகச் சாய்த்தாலும் மூச்சுப் பாதை அடைபடும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டும். இவ்வளவையும் குழந்தை பிறந்த முதல் நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும். அதற்குப் ‘பொன்னான நிமிடம்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற வேலையில் யாருக்குக் கை பழகும்? வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் வண்டி ஓட்டுகிறவரை நம்பிப் பின்னால் உட்காருவீர்களா?

குழந்தையின் தலை வெளியே வந்து தோள் மாட்டிக்கொள்வது, தாய்க்கு வலிப்பு வருவது, பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காமல் போவது, எல்லாமே இப்படித்தான். பெரும்பாலான தாய்மார்களுக்கு வராது. யாருக்கு வரும் என்று முன்கூட்டியே முழுவதும் சொல்லவும் முடியாது. வந்தால் யோசிக்க நேரம் இருக்காது. கடும் ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் கூட ஒரு தாயை இழந்துவிடலாம். ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வந்து, அங்கிருந்து மலை இறங்கித் திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வழி நெடுக அவர் உயிரைப் பிடித்து வைத்திருப்பது, வண்டி கிளம்பும் முன்பே அங்கிருந்த நர்ஸ் என்ன செய்தார் என்பதுதான்.

பொம்மை புதுசு இல்லை

இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். பிரான்ஸ் நாட்டில் ஆஞ்ஜெலிக் து கூத்ரே என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுத்தரும்படி 1759-ல் அந்நாட்டு அரசர் பதினைந்தாம் லூயி அவரை நியமித்தார். அவரிடம் வந்த பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகம் கொடுத்துப் பயனில்லை. துணியாலும் தோலாலும் பஞ்சாலும் ஒரு தாயின் இடுப்புப் பகுதியையும் ஒரு குழந்தைப் பொம்மையையும் செய்தார். அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1911-ல் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனையின் நர்ஸிங் பள்ளிக்காக ‘மிஸஸ் சேஸ்’ என்ற ஆள் உயரப் பொம்மை வந்தது. பொம்மை செய்யும் கம்பெனியிடமே சொல்லிச் செய்து வாங்கினார்கள். 1960-ல் நார்வே நாட்டில் ஆஸ்முண்ட் லேர்டால் என்ற பொம்மைத் தயாரிப்பாளர், நின்ற மூச்சை மீட்கப் பழகுவதற்காக ‘ரெசஸி ஆன்’ என்ற பொம்மையைச் செய்தார். உலகம் முழுக்க முதலுதவி வகுப்புகளில் நீங்கள் பார்க்கும் பொம்மைக்கு அதுதான் முன்னோடி.

நம் ஊர் நர்ஸிங் பள்ளிகளிலும் டெமோ ரூம் என்று ஒன்று எப்போதும் உண்டு. கட்டிலில் ஒரு பொம்மை படுத்திருக்கும். படுக்கை விரிப்பதிலிருந்து மூக்குக் குழாய் போடுவது வரை அதன் மேல்தான் முதலில் செய்வார்கள். ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போட்டுப் பழகியதை எந்த மூத்த நர்ஸைக் கேட்டாலும் சொல்வார். இப்போது மாறியிருப்பது என்னவென்றால், தனித்தனி வேலையாகப் பழகியது போய், ஒரு முழு ஆபத்து நேரத்தையும் ஒரு குழுவாகச் சேர்ந்து பழகுகிறார்கள்.

ஒரு பயிற்சி எப்படி நடக்கும்?

உள்ளே வந்து பாருங்கள். நான்கு நர்ஸ்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் இன்றைக்குத் தாய். அவர் வயிற்றின் மேல் கட்டியிருப்பது ‘மாமா நட்டாலி’ என்ற பிரசவப் பொம்மை. உள்ளே ஒரு குழந்தைப் பொம்மை, நஞ்சுக்கொடி, சிவப்புத் தண்ணீர் நிரம்பிய ஒரு பை. கர்ப்பப்பை இறுகுவதையும் தளர்வதையும் கட்டியிருப்பவரே உள்ளிருந்து கையால் காட்டலாம். ரத்தம் எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதும் அவர் கையில்.

பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை நன்றாக அழுகிறது. நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. எல்லாரும் சிரிக்கிறார்கள். அப்போது ‘தாய்’ மெதுவாகச் சொல்கிறார்: “சிஸ்டர், தலை சுத்துது.”

இங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. நர்ஸ் திரும்பிப் பார்க்கிறார், கீழே விரிப்பு நனைந்திருக்கிறது. வயிற்றில் கை வைக்கிறார், கர்ப்பப்பை கெட்டியாக இல்லை, குழைவாக இருக்கிறது. உடனே உதவிக்குக் குரல் கொடுக்க வேண்டும். கர்ப்பப்பை இறுகும்படி வயிற்றைத் தேய்த்துவிட வேண்டும். ஆக்ஸிடோசின் போக வேண்டும், கையில் ஊசி வழி திறந்து திரவம் ஏற்ற வேண்டும், டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, நஞ்சுக்கொடி முழுசாக வந்ததா, எங்காவது கிழிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். டாக்டருக்கும் 108-க்கும் தகவல் போக வேண்டும். இத்தனையும் ஒருவரால் செய்ய முடியாது.

“யாராவது அந்த மருந்தை எடுங்க” என்று பதற்றத்தில் ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? யாரும் எடுக்க மாட்டார்கள். அவர் எடுப்பார் என்று இவரும், இவர் எடுப்பார் என்று அவரும் நிற்பார்கள். வீட்டிலும் இதுதானே நடக்கிறது? அதனால் பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்று பழக்குகிறோம். கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும்: “ஆக்ஸிடோசின் பத்து யூனிட், எடுத்துட்டேன், போடறேன்.” போட்ட பிறகு “போட்டாச்சு” என்றும் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஒரே மருந்து இரண்டு முறை போகாமல் இருப்பதும், ஒரு முறை கூடப் போகாமல் விட்டுப்போகாமல் இருப்பதும் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

இன்னொரு பயிற்சியும் சொல்கிறேன், இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பிரசவத்துக்குப் பின் 500 மில்லி ரத்தம் போனாலே அதை ஆபத்தின் எல்லையாக நர்ஸ்களுக்குச் சொல்லித்தருகிறோம். அதாவது ஒரு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். அந்தத் தண்ணீரில் கொஞ்சம் குங்குமத்தைக் கலந்து ஒரு பழைய புடவைத் துணியில் கொட்டுங்கள். பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, எவ்வளவு இருக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார். துணி உறிஞ்சிவிடும், கண் ஏமாந்துவிடும். நர்ஸ்களுக்கும் அதே கண்தான். அதனால்தான் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பை இடுப்புக்குக் கீழே வைத்து அளக்கப் பழக்குகிறார்கள்.

பத்து நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும். ஆனால் அதன் பிறகு உட்கார்ந்து பேசுவது அதைவிட நீளம். உண்மையான படிப்பு அங்கேதான். “யார் தப்புப் பண்ணது?” என்று கேட்கவே மாட்டோம். “என்ன நடந்துச்சு? அப்போ உங்க மனசுல என்ன ஓடிச்சு? அடுத்த தடவை எதை மாத்துவீங்க?” இந்த மூன்று கேள்விதான். கடைசியாகத் தாயாக நடித்தவரைப் பேசச் சொல்வோம். “நீங்க எல்லாரும் ஓடி ஓடி வேலை செஞ்சீங்க, ஆனா ஒருத்தரும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை, நான் சாகப்போறேன்னு நினைச்சுட்டேன்” என்று அவர் சொன்னால், அந்த அறை அமைதியாகிவிடும். அடுத்த முறை யாராவது ஒருவர் அந்தத் தாயின் தலைமாட்டில் நின்று, “அம்மா, ரத்தம் கொஞ்சம் அதிகமா போகுது, அதை நிறுத்தத்தான் பாத்துட்டு இருக்கோம், நாங்க கூடவே இருக்கோம்” என்று சொல்வார். மரியாதையும் பழக்கத்தில் வருவதுதான்.

இதே பயிற்சியை ஸ்கில் லேபில் செய்யாமல், வேலை பார்க்கும் பிரசவ அறையிலேயே செய்தால் இன்னொரு லாபமும் உண்டு. மருந்து அலமாரிச் சாவி பகல் ஷிஃப்ட்காரரிடம் போய்விட்டது, ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறக்கும் ஸ்பேனர் இடத்தில் இல்லை, குளிரில் வைக்க வேண்டிய ஆக்ஸிடோசின் வெளியே இருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். எந்த ஊர் மருத்துவமனையிலும் நடக்கக்கூடியவைதான் இவை. தேர் அச்சின் சத்தத்தை வெள்ளோட்டத்தில் கேட்பது போலத்தான்.

பலன் உண்டா?

உண்டு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனைதான் இன்றைய பேச்சின் முக்கியமான செய்தி.

பிறந்த குழந்தைக்கு மூச்சு வர உதவும் ‘ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத்’ என்ற பொம்மைப் பயிற்சி 2010-ல் உலக அளவில் தொடங்கியது. தான்சானியா நாட்டில் எட்டு மருத்துவமனைகளில் அதை நடத்திப் பார்த்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 47 சதவீதம் குறைந்தது என்று 2013-ல் முடிவு வந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு மருத்துவமனையில், தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவத்தைப் பிரசவ அறை ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து பொம்மையில் பழகினார்கள். அப்படிப்பட்ட பிரசவங்களில் குழந்தைக்குக் காயம் ஏற்படுவது 9.3 சதவீதத்திலிருந்து 2.3 சதவீதமாகக் குறைந்தது.

இப்போது நிபந்தனைக்கு வருகிறேன். அதே தான்சானியாவில் ஹைடம் என்ற கிராமப்புற மருத்துவமனை. அங்கே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பொம்மையின் மேல் எல்லாரும் பிரமாதமாகச் செய்தார்கள். பிறகு பிரசவ அறையில் போய்ப் பார்த்தால், அங்கே நடப்பதில் மாற்றமே இல்லை! ஒரு நாள் வகுப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ, அதோடு சரி. பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையைப் பிரசவ அறைக்கே கொண்டுவந்து வைத்தார்கள். வாரம் ஒரு முறை மூன்று முதல் ஐந்து நிமிடம், வேலைக்கு நடுவிலேயே பழகினார்கள். பிறந்த முதல் நாளில் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்பதிலிருந்து 7.2 ஆகக் குறைந்தது.

வாரம் ஐந்து நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரம். நாதஸ்வரக்காரர் வருஷத்துக்கு ஒரு நாள் முழுக்க வாசித்துப் பழகிவிட்டுக் கச்சேரிக்கு வருவாரா? தினமும் கொஞ்சம் வாசித்தால்தானே விரல் ஓடும்?

நம் நாட்டில் பீகார் மாநிலம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே ‘அமானத்’ என்ற திட்டத்தில் நர்ஸ்களைப் பயிற்சிக்கு நகரத்துக்கு அழைக்காமல், அனுபவமுள்ள நர்ஸ் வழிகாட்டிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே போனார்கள். 2015 முதல் 2017 வரை சுமார் 320 நிலையங்களில், மாதத்துக்கு ஒரு வாரம் அங்கேயே இருந்து பழக்கினார்கள். விலை உயர்ந்த எந்திரமும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் போடும் பேண்ட்டையே கொஞ்சம் தைத்து மாற்றி, தாயாக நடிப்பவர் போட்டுக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். விலையில் என்ன இருக்கிறது? பழகுகிற கை எத்தனை முறை பழகுகிறது என்பதில்தான் இருக்கிறது.

பொம்மையால் எல்லாம் ஆகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. பொம்மையில் நூறு முறை பழகியவரும், மூத்த நர்ஸின் மேற்பார்வையில் நிஜப் பிரசவங்களைப் பார்த்துத்தான் தேற வேண்டும். மருந்தும் ரத்தமும் வண்டியும் ஆளும் இல்லாத இடத்தில் பழகிய கை மட்டும் என்ன செய்யும்? ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘இ-மோட்டிவ்’ ஆய்வு 2023-ல் வெளியானது. அளவுக்கோடு போட்ட விரிப்பு, தயாராக இருக்கும் மருந்துகள், கூடவே பொம்மைப் பயிற்சி, இவை எல்லாம் சேர்ந்தபோதுதான் கடும் ரத்தப்போக்கும் அதனால் வரும் அறுவை சிகிச்சையும் மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது?

2018-20 கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இறக்கும் தாய்மார்கள் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54 பேர். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-ன்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையிலும் சுகாதார நிலையங்களிலும்தான் நடக்கின்றன. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், 2008 முதல் ஓடும் 108 வண்டி என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் இது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தாய்மார்களை வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மீதமிருக்கும் உயிர்களைக் காப்பாற்ற வேண்டியது அந்த வாசலுக்கு உள்ளே. அங்கே நடப்பது கையின் வேலை.

மத்திய அரசு 2015-ல் டெல்லியில் ‘தக்ஷ்’ என்ற தேசிய ஸ்கில் லேபைத் தொடங்கியது. 2017 டிசம்பரில் வந்த ‘லக்ஷ்யா’ திட்டம், பிரசவ அறையின் தரத்தை அளந்து சான்றளிக்கிறது. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் புதிய பி.எஸ்சி. நர்ஸிங் பாடத்திட்டத்தில் ஸ்கில் லேப் பயிற்சி நேரமும் பாடத்தின் பகுதியாகவே வந்துவிட்டது. எல்லாம் நல்ல தொடக்கம். தொடக்கத்தைத் தினசரிப் பழக்கமாக்குவதுதான் கஷ்டம். பொம்மை விலை உயர்ந்தது, உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு. ஆள் பற்றாக்குறை, நேரமின்மை என்ற காரணங்களும் உண்மையானவைதான். அதனால்தான் ஒரு நாள் வகுப்பைவிட வாரம் ஐந்து நிமிடம் நடைமுறைக்கு ஒத்துவரும் என்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

இனி உங்கள் பங்கு. கையில் போன் இருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம்.

முதலில், கர்ப்பம் உறுதியானதும் பதிவு செய்யுங்கள். பிக்மி இணையதளத்திலோ, இ-சேவை மையத்திலோ, உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லலாம். 12 இலக்க ஆர்.சி.எச். எண் கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ் வரை அந்த எண் தேவைப்படும். அதையும் தாயின் ரத்த வகையையும் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள்.

இரண்டாவது, மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் வலி வந்த பிறகு வண்டி தேட வேண்டாம். டவர் கிடைக்காத இடமாக இருந்தால் எங்கே போய் போன் செய்வது, யார் வண்டி என்று முன்பே பேசி வையுங்கள். மலைப் பகுதிகளில் சில நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. தேதி நெருங்கும்போதே அங்கே வந்து தங்க முடியுமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது, பிரசவ நேரத்தில் ஒரு பெண் துணை கூட இருக்கலாம். அவர் பயந்த சுபாவம் உள்ளவராக இல்லாமல், தாய்க்குத் தைரியம் சொல்லக்கூடியவராக இருக்கட்டும். நர்ஸ் திடீரென்று உரக்கக் கூப்பிட்டால், நாலு பேர் ஓடி வந்தால், “என்னமோ ஆயிடுச்சு” என்று உள்ளே நுழையாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள். அவர்கள் உரக்கப் பேசுவதும் திரும்பத் திரும்பச் சொல்வதும் பழகிய முறை. கொஞ்சம் வழி விடுங்கள். நிலைமை அடங்கியதும் என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான்காவது, நர்ஸிங் மாணவி ஒருவர் பக்கத்தில் நின்றால், “எம் பொண்ணு மேலயா கத்துக்கப் போறீங்க?” என்று பயப்படலாம். கேளுங்கள், தப்பில்லை. “இதை பொம்மையில செஞ்சு பாத்திருக்கியாம்மா? கூட யார் நிக்கறாங்க?” என்று அன்பாகவே கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லவும் தாய்க்கு உரிமை உண்டு. நல்ல மேற்பார்வை இருக்கிறது என்று தெரிந்தால் சம்மதியுங்கள். நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப்போவது அந்தப் பிள்ளைதான்.

ஐந்தாவது, ஊர்க்காரர்களாகக் கேளுங்கள். கிராம சபையில் ரோடு, தண்ணீர், விளக்கு என்று கேட்கிறோம். அதோடு இதையும் கேட்கலாம்: “நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல பயிற்சிப் பொம்மை இருக்கா? அது அலமாரிக்குள்ள இருக்கா, மேசை மேல இருக்கா? கடைசியா எப்போ பழகினாங்க?” யாரையும் குற்றம் சொல்வதற்காக இல்லை. மக்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தால், அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்க நினைக்கும் நர்ஸுக்கு அதுவே ஒரு பலம்.

ஆறாவது, நீங்களும் ஒரு முறை பொம்மையில் கை வையுங்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊர் இது. நடக்கும்போது ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டும் அசைவில்லை, சரியான மூச்சும் இல்லை என்றால், 108 வரும் வரை நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். இதைக் காதால் கேட்டால் வராது. முதலுதவி வகுப்பு எங்கே நடந்தாலும் போய், பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். தோள் வலிக்கும். அப்போதுதான் நர்ஸ்கள் ஏன் திரும்பத் திரும்பப் பழக வேண்டும் என்று நான் சொன்னது உங்கள் கைக்கே புரியும்.

அடுத்த முறை உங்கள் ஊர் நர்ஸம்மாவைப் பார்க்கும்போது, அந்தப் பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

உங்கள் கைபேசியில் சேமிக்க வேண்டியவை

108: ஆம்புலன்ஸ், எந்த அவசரத்துக்கும், இலவசம்
104: மருத்துவ ஆலோசனை, தகவல், புகார்
102: பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விடும் இலவச வாகனம்
ஆர்.சி.எச். எண்ணின் புகைப்படம்
தாயின் ரத்த வகை, ரத்தம் கொடுக்கச் சம்மதித்த இரண்டு பேரின் எண்
உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரின் எண்